மேப்பிளின் வழுக்கைப் பக்கம்

மேப்பிள் மரத்தின் தண்டில் புதிதாக ஒரு கட்டு விழுந்திருந்தது. கறுப்புச் சாயம் ஏற்றிய நார்க்கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, தோட்டக்காரர்கள் மட்டுமே போடும் முடிச்சால் இறுக்கியிருந்தது. துணி எடுக்க வந்த மிட்சுயோ, ஈரச் சட்டையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அந்த முடிச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கோவில் பைன் மரத்திலிருந்து விழுந்தது முதல் அவள் கணவர் டோகுஜியின் வலது கை செத்துத்தான் தொங்குகிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

“என்னங்க, இதை யாரு கட்டினது?”

“மரமே கட்டிக்கிச்சு போ,” என்றார் மரத்தடி முக்காலியில் இருந்தவர். “நாற்பது வருஷமா நான் கட்டுறதைப் பார்த்துட்டு நிக்குதே, அதுக்குத் தெரியாதா?”

அந்த மரத்துக்குத் தெற்குப் பக்கம் கிளையே இல்லாத வழுக்கை. அங்கே ஒரு கிளையை ஒட்டுப் போட டோகுஜி படாத பாடு பட்டுவிட்டார். தொட்டிக் கன்றை அருகில் வைத்து, இரண்டின் பட்டையையும் பச்சை தெரியச் சீவி, சேர்த்துக் கட்டுவார். பிடித்துக்கொண்டதும் கன்றை அதன் வேரிலிருந்து அறுத்துவிட வேண்டும். கை நன்றாக இருந்த காலத்தில் நான்கு முறை கட்டினார், நான்கு முறையும் காய்ந்தது. ஊரார் தோட்டத்தையெல்லாம் அழகாக்கியவருக்குச் சொந்த வீட்டில் இந்த அவமானம். இப்போது அங்கே தொட்டியும் இல்லை, கன்றும் இல்லை. கயிறு மட்டும் வெறும் தண்டை இறுக்கிக்கொண்டிருந்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. கூரை நுனியில் ஓயாத சொட்டுச் சத்தம், பாயிலும் போர்வையிலும் பாசி வாடை, சன்னலில் ஒட்டிய காகிதத்தில் நாள் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும் இலைநிழல். நனைந்தாலும் டோகுஜி மரத்தடியை விட்டு வர மறுத்தார். குளிக்க வைக்கும்போது அவருடைய வலது முன்கையில் நீளமாக ஒரு பட்டை தோல் சீவப்பட்டிருந்ததை மிட்சுயோ பார்த்தாள். உள்ளே சிவப்பு இல்லை. வெளிறிய பச்சை.

“ஐயோ, வலிக்கலையா?”

“செத்த கைக்கு என்னடி வலி? உசிரு வந்தா போதும்.”

அவளுக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. யாராவது வந்தால் அவர் அந்தக் கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். மருந்து பூசித் துணி சுற்றினாள். மேலே கேட்கப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் டோஃபு வாங்கிக்கொண்டு திரும்பியபோது முக்காலி காலியாக இருந்தது. டோகுஜி மரத்தோடு ஒட்டி நின்றார். வலது கை வழுக்கைப் பக்கத்தில் பதிந்து, மேல்நோக்கி நீண்டிருந்தது. கையையும் தண்டையும் சேர்த்துச் சுற்றிக் கறுப்புக் கயிறு.

“விரலைப் பாரு! அசையுது பாரு!”

அசைந்தன. ஐந்தும். மிட்சுயோவுக்கு அழுகை வந்துவிட்டது. டோஃபுவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

காற்று நின்றது. இலைகள் நின்றன.

விரல்களும் நின்றன.

மீண்டும் காற்று. இலைகள். விரல்கள்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். கயிறு விழுந்தது. கை விழவில்லை. பிடித்து இழுத்தாள். தோலுக்கும் பட்டைக்கும் நடுவிலிருந்து தெளிந்த நீர் கசிந்தது. இனிப்பு வாடை.

“இழுக்காதடி. பிடிச்சிருச்சு.”

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேலிக்கதவை நோக்கி ஓடினாள். பின்னால் ஒரு சத்தம்.

சரக். சரக்.

பச்சை மரத்தில் ரம்பம் இறங்கும் சத்தம். திரும்பினாள்.

டோகுஜியின் இடது கையில் ரம்பம். அது அறுத்தது அவருடைய வலது தோளை. ரத்தம் இல்லை. வெள்ளை மரத்தூள் ஈரமாகப் பாசியின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே விரல் நுனிகள் வெடித்து, கசங்கிய சிவப்புத் தளிர்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“என்ன வேடிக்கை? வந்து கீழ்ப்பக்கத்தைப் பிடி. விழுந்துரும்.”

நாற்பது வருஷமாக எந்தக் கிளையை அறுத்தாலும் அவர் சொல்வது அதைத்தான். மிட்சுயோ வாய்விட்டு அலறினாள். அலறிக்கொண்டே அருகில் போனாள். அவள் கைகள் தாமாக நீண்டு, அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டன.

சரக்.