குந்தவையின் கட்டைவிரல்

இந்தியாவுக்கு வந்த பதினான்கு மாதங்களில் லோஷினியின் கட்டைவிரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்ட ஒரே கருவி, அந்த ஊர் ரேஷன் கடையில் இருந்ததுதான். அதுவும் வேறு ஒருத்தியின் பெயரில்.

விமான நிலையத்தில் அந்த விரலை அரை மணி நேரம் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். தஞ்சாவூரில் அவள் முதுகலை படிக்கும் பல்கலைக்கழகத்தின் வாசல் கருவி, அதைப் பார்த்தாலே சிவந்துபோய்க் கத்தும். கருவிகளைக் குறை சொல்ல முடியாது. ஏழு வயதில், மலேசியாவில், கிள்ளான் வீட்டுச் சமையலறையில் மைலோ டின் மூடி வலது கட்டைவிரலைக் குறுக்கே கிழித்துவிட்டது. பிறை வடிவத் தழும்பு ஒன்று ரேகைகளை இரண்டு துண்டாக்கிக்கொண்டு இன்றும் கிடக்கிறது. உலகத்தில் அந்த விரலை அறிந்தவர் இரண்டே பேர்: அவளுடைய கைபேசி, அவளுடைய அம்மா.

அன்று செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். அவளை ரேஷன் கடைக்கு அழைத்துப் போனவர், அவள் மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் நாகநாதன். குடமுருட்டி ஆற்றங்கரையில் மூன்று வேலி நிலம், மாடி வைத்த வீடு, ‘முன்னாள்’ என்ற சொல் நான்கு இடத்தில் வரும் விசிட்டிங் கார்டு, இத்தனைக்கும் சொந்தக்காரர். களத்தில் குறுவை நெல் குவியல் குவியலாகக் கிடக்க, இருபது கிலோ இலவச அரிசிக்கு மாதம் தவறாமல் வரிசையில் நிற்பார். கேட்டால் உரிமை என்பார். அரிசி கோழிகளுக்குப் போகும்.

அவருடைய ரேகை கருவியில் விழுவதில்லை. கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தேய்ந்துவிட்டதாம். அவர் மனைவி பிரகதாம்பாளின் ரேகையைப் பாத்திரச் சாம்பல் தின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் பெருமையாக எதுவும் சொல்வதில்லை. ரேஷன் கார்டில் மிச்சம் இருப்பது மகள் குந்தவை. அவள் வெளிநாட்டில் படிக்கிறாள்.

“சும்மா ஒரு தடவை வச்சுப் பாரும்மா. விழலேன்னா திரும்பிடுவோம். வந்ததும் உன் பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுத்துடுறேன்.”

பாஸ்போர்ட் என்றதால்தான் போனாள். வெளிநாட்டுப் பெண் குடியிருப்பதாகக் காவல் நிலையத்தில் ஏதோ படிவம் கொடுக்க வேண்டும், நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கியவர் அதைத் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஒரு நாள் சாவி காணோம். ஒரு நாள் ராகு காலம். ஒரு நாள் பசியோடு இருக்கும்போது பீரோ திறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து அவளுக்கு விமானம். கிள்ளானில் அம்மா ஒண்டியாக, அவள் வருவாள் என்று தீபாவளி முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள்.

விரலை வைத்தாள். கருவி பச்சையாக ஒளிர்ந்து மெல்லச் சிணுங்கியது. விற்பனையாளர் வைரக்கண்ணு நிமிராமலே திரையைப் படித்தார்.

“குந்தவை, மகள். விழுந்துடுச்சு. அடுத்தது யாரு?”

நாகநாதன் ஆச்சரியப்படவில்லை. வெகுநாளாக வர வேண்டிய ஒன்று வந்து சேர்ந்ததுபோல மூச்சு விட்டார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் முச்சந்தியில் குந்தவையின் பேனர். உயர்கல்வி பயில வெளிநாடு செல்லும் குலவிளக்கை வாழ்த்தி, இரண்டு வருடத்துக்கு முன் கட்டியது. மூலையில் ஒரு விமானம். விமானத்தைவிடப் பெரிதாகப் பதினோரு உறவினர்களின் தலைகள். வெயிலிலும் மழையிலும் பதினோரு மீசைகளும் மை குறையாமல் இருந்தன. நடுவில் இருந்த பெண்ணின் முகம் மட்டும் வெளுத்து, கழுவிய தட்டுபோல வெள்ளை வட்டமாகிவிட்டிருந்தது. எந்த நாட்டில் படிக்கிறாள் என்று லோஷினி முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். ஃபாரின் என்றார் நாகநாதன். எந்த ஃபாரின் என்றாள். ஃபாரின்னா ஃபாரின்தான் என்று முடித்துவிட்டார்.

பீரோ சாவி அன்றும் கிடைக்கவில்லை.

மாடி அறை குந்தவையுடையதுதான். கீழ்க்கூடத்தை அடுத்த அறையில் கூரை வரை நெல் மூட்டை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். காயாத நெல் உள்ளுக்குள்ளேயே வெந்து, புளித்த கஞ்சியும் நனைந்த நாயும் கலந்ததுபோல ஒரு வெதுவெதுப்பான வாடை படிக்கட்டு வழியே ஏறி வந்து தலையணையில் குடியிருந்தது. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. வெளியே மட்டும் இருந்தது. வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆசாரி நாளைக்கு வருவதாகப் பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கதவின் உட்புறம், உள்ளங்கை படும் உயரத்தில், பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. பழைய வீடு என்று நினைத்திருந்தாள். அன்று மாலை கொடியில் காயப்போட்ட மஞ்சள் சுடிதாரைத் தேடி வாசலுக்கு வந்தவள், முகப்பில் கட்டிய வருடம் எழுதியிருப்பதை முதன்முதலாகப் படித்தாள். வீட்டுக்கு வயது ஆறு.

சுடிதார் கிடைக்கவில்லை. கைபேசியை எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். வேறு விரல் வைக்கவும் என்றது. வேர்வை என்று சொல்லிக்கொண்டு நான்கு எண்களைத் தட்டித் திறந்தாள்.

புதன்கிழமை உதவி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வாசல் கருவி கத்தும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரலை வைத்தாள். கத்தவில்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. விரல் ஒன்று தன் மேல் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் வழக்கமான எழுத்தர், அவள் பெயரை வழக்கம்போலத் தூரத்தில் வைத்துப் படித்தார். லோஷினி ஏ/பி முனியாண்டி. மலேசியாவில் ‘ஏ/பி’ என்றால் இன்னாரின் மகள் என்று இருபது தடவை விளக்கியிருக்கிறாள். அவர் இருபத்தோராவது தடவையாக, ஆந்திரப் பிரதேசத்தில் எந்த ஊர் என்று விசாரித்தார். பிறகு திரையைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்தான் நேற்றே எல்லாச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு போய்விட்டதே, நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டார்.

அவள் கத்தினாள். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினாள். மனுவோடு பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்றார்.

வியாழன் பகலில் ஊர் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் செந்தாமரை காலால் நெல்லைக் கிளறியபடி நடந்தாள். சரக், சரக். பேருந்திலிருந்து இறங்கிய லோஷினியைப் பார்த்ததும் நின்றாள்.

“குந்தவ, எப்ப வந்தே? இப்படி இளைச்சுப் போயிட்டியே.”

லோஷினிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தினமும் எதிரே வருகிறவள். தான் மாடியில் குடியிருப்பவள், லோஷினி, மலேசியா என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அந்த மலேசியாப் பொண்ணு நாளைக்கு ஊருக்குப் போவுதாமே. அம்மாவ பாக்கப் போறேன்னு காலைல வந்து சொல்லிட்டுப் போச்சு. நல்ல பொண்ணு.”

சரக், சரக். செந்தாமரை நெல்லில் நடந்து போய்விட்டாள்.

அந்தி சாயும் நேரத்தில் பெட்டி கட்டினாள். பாஸ்போர்ட் கொடுக்காவிட்டால் பீரோவை உடைப்பது என்று முடிவு செய்திருந்தாள். பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். கீழே இன்னொரு ஜிப் இழுபட்டது. நிறுத்தினாள். அதுவும் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் இறங்கினாள். அந்த வாடை இறங்க இறங்கச் சூடாகி முகத்தில் ஒட்டியது. நெல் அறை பூட்டித்தான் இருந்தது. பூட்டுக்குப் பின்னால், மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு பெண் குரல். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற குரல்.

“லோஷினி. அப்பா முனியாண்டி, இறந்துட்டாரு. அம்மா சாவித்திரி. ஏழு வயசுல மைலோ டின் மூடி. வலது கட்டைவிரல்.”

மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து.

“லோஷினி. அப்பா முனியாண்டி…”

மைலோ டின்னைப் பற்றி அவள் இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பின்னால் பிரகதாம்பாள் நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தட்டு. “சத்தம் போடாதே. படிக்கிறா” என்றாள்.

லோஷினி மாடிக்கு ஓடினாள். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று, வெளியே தாழ்ப்பாள் விழுந்தபோதுதான் தெரிந்தது.

கதவைத் தட்டினாள். உள்ளங்கையால். அதே உயரத்தில். பெயின்ட் தேய்ந்த அதே இடத்தில். கை அங்கே சரியாகப் பொருந்தியது. அவசர எண்ணுக்கு அழைத்தாள். யார் பேசுவது என்றார்கள், பெயர் சொன்னாள், இருக்கும் வீடு யாருடையது என்றார்கள், அதையும் சொன்னாள். ஒரு நிமிடத்தில் திரும்ப அழைத்து, விசாரித்துவிட்டோம், அப்பா அம்மாவோடு சண்டை போடக் கூடாதும்மா என்று அறிவுரை சொன்னார்கள்.

விடிந்ததும் கார் புறப்படும் சத்தம். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தாள். யாருக்கும் கதவு திறந்துவிடாத நாகநாதன் குனிந்து கார் கதவைத் திறந்து பிடித்திருந்தார். ஏறியவளின் முதுகு தெரிந்தது. மஞ்சள் சுடிதார்.

உச்சி வெயிலுக்கு அவர் திரும்பி வந்தார். பிரகதாம்பாள் கதவைத் திறந்து தட்டை வைத்தாள். அவர் பின்னாலேயே வந்து, பரிசு கொடுப்பதுபோல இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

“ஒன்னுது. பத்திரமா வச்சுக்க.”

நீல அட்டை. இந்திய பாஸ்போர்ட். ந. குந்தவை. வழங்கப்பட்டு இரண்டு வருடமும் சில மாதமும் ஆகியிருந்தது. புகைப்படம் இருக்க வேண்டிய இடம் வெளுத்துப்போய் வெள்ளையாக இருந்தது. பக்கங்களைப் புரட்டினாள். ஒரு முத்திரை இல்லை. ஒரு விசா இல்லை.

குந்தவை எங்கேயும் போகவேயில்லை.

“விசா வரல” என்றாள் பிரகதாம்பாள், சோற்றில் குழம்பை ஊற்றியபடி. “அதுக்குள்ள இவரு பேனர் கட்டிட்டாரு. அவுத்துடுங்கன்னேன். பதினோரு பேரு படம் போட்டாச்சு, ஊரு சிரிக்கும்னாரு. போன பொண்ணு தெருவுல நடக்க முடியுமா? அதான் உள்ளயே இருந்தா.”

நாகநாதன் தொண்டையைச் செருமினார். “சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல. இப்ப போயிட்டாள்ல” என்றார். குரலில் பழைய கம்பீரம். பேனர் பொய்யாகவில்லை.

கதவு மூடியது. தாழ்ப்பாள்.

வெயில் இறங்கும் வரை அவள் அசையவில்லை. பிறகு நான்கு எண்களைத் தட்டினாள். வீடியோ அழைப்பு. மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள் அம்மா.

கிள்ளான் வீடு. சமையலறை விளக்கு. அடுப்பில் முறுக்குச் சட்டி. அம்மா சந்தோஷமாக இருந்தாள். அழுது சிவந்த கண்ணோடு, சந்தோஷமாக.

“அம்மா. நான்தான்மா.”

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு மாறவில்லை. மரியாதையாக மட்டும் ஆகியது.

“யாருமா நீங்க? லோஷினி கூடப் படிச்சவங்களா? அவ இப்பத்தான் வந்து இறங்குனா லா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கா.”

அம்மாவுக்குப் பின்னால், மேசையில், மஞ்சள் சுடிதார். ஈரத் தலை. பசியோடு தின்கிற முதுகு. ரொம்ப நாள் பசி.

“அம்மா, அது நான் இல்ல. கதவைத் திறந்து வெளிய ஓடும்மா.”

அம்மா திரும்பி, யாரோ உன் தோழி, ஏதோ புரியாமல் பேசுகிறாள் என்றாள். முதுகு தின்பதை நிறுத்தியது. எழுந்தது. கைபேசி கை மாறியது. முகம் தெரியவில்லை, விளக்கின் வெளிச்சம் விழுந்த வெள்ளை வட்டம் மட்டும். பிறகு ஒரு வலது கட்டைவிரல் கேமராவை நோக்கி வந்து, திரை முழுவதும் நிறைந்து, அழுந்தி நின்றது. அதன் குறுக்கே, ரேகைகளை இரண்டு துண்டாக்கிக்கொண்டு, பிறை வடிவத்தில் ஒரு தழும்பு.

அழைப்பு அறுந்தது.

ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் லோஷினி தன் கட்டைவிரலை விரித்துப் பார்த்தாள். ரேகைகள் வட்டம் வட்டமாக, ஓர் இடத்திலும் வெட்டுப்படாமல் ஓடின.