இரண்டாம் துளி

மைசூரில் தடயவியல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்துமதி காமத்தின் வீட்டுக்கு வைதேகி வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், நான் செஞ்ச சில்லு பொய் சொல்லுதுன்னு ஆஸ்பத்திரில தூக்கிப் போடப் பாக்கறாங்க. நாளைக்கு ஆபரேஷன் வேற."

தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பிகள் கொண்ட சில்லு அது. ஒரு துளி ரத்தம் போதும். உடம்பு எதை எதிர்க்கிறது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். டயாலிசிஸில் இருக்கும் ருத்ரேஷுக்குத் தங்கை பூர்ணிமா சிறுநீரகம் கொடுக்கிறாள். அன்று காலை வந்த முதல் துளி அவளுடைய திசுவைக் கடுமையாக எதிர்த்தது. பிறகு நர்ஸே குத்தி எடுத்த இரண்டாம் துளியில் எதிர்ப்பே இல்லை. எது உண்மை என்று தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றுவிட்டார் மருத்துவர்.

இந்துமதி இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"முதல் துளில இந்தக் கம்பி ஏன் சும்மா இருக்கு?"

"அது காமாலைத் தடுப்பூசி போட்ட ரத்தம்னா காட்டிக்குடுக்கும். சில்லு சரியா வேலை செய்யுதான்னு பாக்க வெச்சேன். அதுவும் பழுதுன்னு..."

"டயாலிசிஸ் ஆளுங்களுக்கெல்லாம் அந்த ஊசி போடுவாங்கல்ல? ரெண்டாவதுல கம்பி பேசுது. பழுதில்ல, வைதேகி. ரத்தம் ரெண்டு பேரோடது. வா, போய்ப் பாக்கலாம்."

வார்டில் ருத்ரேஷ் படுத்திருந்தான். பூர்ணிமா எலுமிச்சைச் சித்ரான்னத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாய் நீலம்மா மட்டும் ஸ்பூனால் சாப்பிட்டாள்.

"கையில என்னம்மா? எலுமிச்சை எரியுதோ?" என்றார் இந்துமதி.

நீலம்மா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காலைல குத்தற ஊசியை யார்கிட்ட குடுத்தாங்க?"

"அம்மாகிட்டதான். நர்ஸ் குடுத்துட்டுப் போனாங்க, நான் மறுபடி தூங்கிட்டேன்," என்றான் ருத்ரேஷ்.

இந்துமதி வைதேகியிடம் திரும்பினார். "வயித்துல இருக்கற பிள்ளைகிட்ட பாதி அப்பனோடது. தாய் உடம்புக்கு அது அந்நியம். சில தாய்மாருக்கு அதை எதிர்க்கற சக்தி ரத்தத்துலயே தங்கிடும். பூர்ணிமாவை எதிர்த்தது, அவளைச் சுமந்தவளோட ரத்தம். உன் சில்லு ரெண்டு தடவையும் உண்மையைத்தான் சொல்லிருக்கு."

வைதேகிக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த கணமே, இந்த இடத்தில் நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

நீலம்மா உடைந்து அழுதாள். "நான்தான் என் விரலைக் குத்திக் குடுத்தேன். வேற ரத்தம்னா சேராதுன்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். என்னோட கிட்னியை எடுத்துக்கோங்கன்னேன், சர்க்கரை இருக்கு, கூடாதுன்னுட்டாங்க. இவனைப் பொழைக்க வைக்க இவளை அறுக்கணுமா? வேற யாராச்சும் கிடைப்பாங்கன்னு..."

ருத்ரேஷ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பூர்ணிமா கையைக் கழுவிவிட்டு வந்து தாயின் எதிரே உட்கார்ந்தாள். "அறுக்கப்போறது என் உடம்பைம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, 'நான் குடுக்கறேன்'னு சொல்லிடுவேடி. அதுக்குத்தான் பயந்தேன்."

"இப்பவும் அதையேதான் சொல்றேன்."

மறுநாள் காலை வைதேகி போனபோது, அண்ணனை ஓர் ஆபரேஷன் அறைக்கும் தங்கையை எதிர் அறைக்கும் கொண்டுபோயிருந்தார்கள். எந்தக் கதவுக்கு முன்னால் நிற்பதென்று தெரியாமல் நீலம்மா நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வைதேகி இரண்டு நாற்காலிகளை இழுத்துவந்து அங்கேயே போட்டாள்.