துணிக்குப் பின்புறம்

அன்று மாலை திடலில் இருந்தவர்கள் நான்கு பேர். ரப்பர்த் தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணி ராமையாவின் மகன் கனகராஜ் ஆகிய நான். என் மகள் சரளா. படம் காட்ட ஈப்போவிலிருந்து வந்த பிச்சைமுத்து. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த கலாதேவி. ஐந்தாவதாக யாரும் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வாரமாக இந்தியத் திரைப்பட விழா நடந்துகொண்டிருந்தது. புதிய படங்களை நகரத்து அரங்குகளில் காட்டினார்கள். கடைசி நாளில் மட்டும், சிம்பாங் பூலாய்க்கு அப்பால் எங்கள் பழைய தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காட்டுவதாக ஏற்பாடு. விழாக் குழுவில் இருந்த சரளாவின் யோசனை அது. அங்கே என் தந்தையின் பெயர் பொறித்த கல் ஒன்றைத் திறப்பதும் அவள் யோசனைதான். தோட்டத்துக்கு மாதம் ஒரு படம் வரவழைத்தவர் அவர்.

கலாதேவிக்குக் கல் திறப்பது பிடிக்கவில்லை. முழங்கால் வலியோடு முந்தின நாள் ஒத்திகைக்கே வந்து நின்றாள்.

"கல்லத் தெறங்க சின்னய்யா, நல்லாத் தெறங்க. நாளைக்கி நான் மைக்கப் புடிச்சி எங்க சின்னம்மா கதைய சொல்லிடுறேன்."

கிராணி வீட்டுப் பிள்ளைகளை லயத்தார் அழைத்த பெயர் சின்னய்யா. எழுபத்து நான்கு வயதில் அதைக் கேட்க எனக்குக் குத்தியது. குத்தத்தான் சொன்னாள்.

கதை எனக்குத் தெரியும். அந்நாளில் துணிக்கு முன்புறம் கிராணிமார் குடும்பங்கள் நாற்காலியில் அமர்வோம். லயத்து மக்கள் பின்புறம், புல்லில். அவர்களுக்குப் படம் இடம் வலம் மாறித் தெரியும். எழுத்துகள் திரும்பித் தெரியும். கலாதேவியின் சின்னம்மா வீரம்மா, ரப்பர்ப் பால்வெட்டுக்காரி, இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவள். எழுத்தை நேராக வாசிக்க ஆசைப்பட்டு ஒருநாள் முன்புறம் வந்தாள். விரட்டப்பட்டாள். பின்னால் கூட்டத்தில் இடமில்லாமல் ரப்பர்க் காட்டோரம் உட்கார்ந்தவள் பாம்பு கடித்து இறந்துபோனாள். விரட்டியவர் என் தந்தை என்பது லயத்துப் பேச்சு.

"செத்தவங்க பேர இழுக்காதே, கலா."

"எந்தச் செத்தவங்க பேர?" என்றாள்.

இருட்டியது. பிச்சைமுத்து இயந்திரத்தை முடுக்கினார். படத்தின் முதல் எழுத்துகள் துணியில் விழுந்தன.

திரும்பியிருந்தன.

"அண்ணே, எழுத்து மாறி விழுதே," என்றாள் சரளா.

"நான் ஒன்னும் தொடலலா. செட்டிங் சரியாத்தான் இருக்கு."

அதையும் மாற்றிப் பார்த்தார். எழுத்துகள் அப்படியே நின்றன. மறுபடி மாற்றினார்.

அப்படியே நின்றன.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. புளித்த ஒட்டுப்பாலின், மரத்தில் உறைந்த ரப்பர்ப் பாலின், வாடை. ரப்பர் மரங்களை வெட்டி முப்பது வருடம் ஆகிவிட்டது. சுற்றிலும் செம்பனை தவிர ஒன்றுமில்லை.

பிச்சைமுத்து துணிக்குப் பின்னால் போனார். அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"அண்ணே... இங்க நேரா தெரியுது."

அடுத்து வந்த குரல் அவருடையதல்ல. ஒரு பெண், எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"த... யா... ரிப்... பு."

பிச்சைமுத்து எங்கள் பக்கம் ஓடிவந்து சேர்ந்தார். வாசிப்பு நிற்கவில்லை.

காற்று இல்லை. ஆனாலும் துணி ஓரிடத்தில் புடைத்தது. ஐந்து விரல்கள், ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு நகர்ந்தன.

"சின்னம்மா," என்று கலாதேவி முணுமுணுத்தாள்.

விரல்கள் நின்றன. துணிக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவனின் குரல், அதட்டலாக:

"ஏய், பின்னால போ! இது நாங்க உக்கார்ற எடம்!"

சரளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருப்பா அந்தப் பையன்? வாங்க, போலாம்."

கலாதேவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானூறு பேர் வந்தார்கள். படம் நேராகவே ஓடியது. கல் திறக்கப்படவில்லை, நிறுத்தச் சொன்னவன் நான். கலாதேவி மைக்கைக் கேட்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு துணிக்குப் பின்னால் போய், தன் பக்கத்தில் ஓரிடம் விட்டு உட்கார்ந்தாள்.

ஈப்போவின் சிலிபின் பகுதியில் என் வீட்டுத் தொலைக்காட்சியில் இப்போதெல்லாம் எழுத்துகள் எனக்குத் திரும்பியே வருகின்றன. சரளா பார்த்தால் நேராக இருக்கின்றன. சில நாள் கூடத்தில் ஒட்டுப்பால் வாடையும் வருகிறது.

வீரம்மாவை விரட்டியவர் பெரிய கிராணி ராமையா என்று இன்னும் பேசுகிறார்கள். அது தவறு. அன்று என் தந்தை காய்ச்சலில் படுத்திருந்தார், திடலுக்கே வரவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பன்னிரண்டு வயதில் நான். விரட்டியவனும் நான்தான்.