காதில் விழுந்த கை

காலை ஒன்பது மணிக்குப் பேராசிரியரின் மனைவி செத்துக் கிடந்தாள். பக்கவாதம் வந்து, பேச்சு போய், படுத்த படுக்கையாக இருந்தவள். தலைமாட்டில் காலி மருந்து பாட்டில். வலிக்குச் சொட்டுக் கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்து அது. லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. பாட்டிலின் வாயில் ஒரு வெறும் மூடி.

கொடுத்தவள் இறந்தவளின் தங்கை. அக்காவைப் பார்த்துக்கொள்ள நேற்றுத்தான் வந்திருந்தாள்.

“யார் கொடுக்கச் சொன்னது?” என்றார் இன்ஸ்பெக்டர். அதிகம் பேசாத பெண்மணி.

“மாமாதான் மேடம். காலேஜுக்குக் கிளம்பறப்போ சொன்னார். வலிச்சா பாட்டிலை முழுசாத் தண்ணில கவுத்துக் கொடுத்துடுன்னு.” சொல்லும்போதே தங்கையின் கை உயர்ந்து, கட்டைவிரல் தரையைப் பார்க்கத் திரும்பி, இரண்டு உதறு உதறியது.

“பச்சைப் பொய்!” என்றார், செய்தி கேட்டுக் காலேஜிலிருந்து திரும்பியிருந்த பேராசிரியர்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் காத்தாடி. மனைவி விழுந்ததையும், ஆஸ்பத்திரியில் அலைந்ததையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கைகளும் அறையைச் சுற்றி வந்துவிட்டன. கையசைவையும் பேச்சையும் மூளை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சம்பளமே கையை ஆட்டித்தான்.

“காலைல என்ன சொன்னீங்க, அப்படியே சொல்லுங்க சார்.”

கைகள் இரண்டும் பேண்ட் பாக்கெட்டுக்குள் போயின. “வலிக்குதுன்னு தெரிஞ்சா மருந்தைத் தண்ணில கலந்து கொடுத்துடு, தூங்கிடுவா. அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா இதைக் கேளுங்க.”

அலமாரி மேல் ஒலிப்பதிவுக் கருவி. மனைவி முனகினால் தெரிய வேண்டும் என்று அவரே வாங்கி வைத்தது. ஓடவிட்டார்கள். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் இருந்தது. ‘முழுசா’ இல்லை. ‘கவுத்து’ இல்லை.

“என் காதால கேட்டேனே!” என்றாள் தங்கை. மறுபடி ஓடவிட்டார்கள். மூன்றாவது முறை முடிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். “அப்போ நானாத்தான் ஊத்திட்டேனா? நானா என் அக்காவைக் கொன்னேன்?”

“இவளை உள்ள தள்ளுங்க மேடம்,” என்றார் மாமா. சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை.

மாலை நான்கு மணி. காவல் நிலையம். தங்கை வெளியே பெஞ்சில். உள்ளே பேராசிரியர், எதிரே இன்ஸ்பெக்டர், மேஜையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரெக்கார்டர்.

“ஒரே ஒரு கேள்வி சார். நீங்க கடைசியாப் பார்த்தப்போ பாட்டில் எப்படி இருந்துது?” கேட்டபடியே இன்ஸ்பெக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, எதையோ லேசாக அமுக்கி அமுக்கி விட்டார்.

“டிராப்பர் இருந்துதான்னு என்னைக் கேட்டா? அதை அவளைத்தான் கேக்கணும்.”

“டிராப்பரா? நான் கேக்கவே இல்லையே.”

“இப்பதானே கேட்டீங்க! டிராப்பர் இருந்துதான்னு!”

“சத்தியமா?”

“சத்தியமா. என் காதால கேட்டேன்.”

ரெக்கார்டரை ஓடவிட்டார் இன்ஸ்பெக்டர். டிராப்பர் என்ற பேச்சே அவர் கேள்வியில் இல்லை.

“மத்தியானம் உங்க காலேஜுக்குப் போனப்போ மாணவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. கை காட்டினதையும் வாய் சொன்னதையும் மூளை ஒண்ணாக் குழைச்சுக்குமாம். அப்புறம் எது கண்ணு வழியா வந்துது, எது காது வழியா வந்துதுன்னு அதுக்கே தெரியாதாம். வாயால கலந்து கொடுன்னீங்க. கையால பாட்டிலைக் கவுத்தீங்க. பாவம், உங்க மச்சினி ரெண்டையும் சேர்த்துக் கேட்டுட்டாங்க. வாழ்நாள் பூரா கையைப் படிச்ச ஆள், சத்தத்தை மட்டும் பதிவு பண்ற கருவி எதுக்கு வாங்கணும்? காத்தாடி மாதிரி சுத்தற கை, அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எதுக்குப் பாக்கெட்டுக்குள்ள ஒளியணும்? அங்கதான் சார் மாட்டினீங்க.”

பேராசிரியர் சிரித்தார். “கையை ஆட்டினா தூக்குன்னு எந்தச் சட்டத்துல இருக்கு மேடம்?”

“ஆட்டினதுக்கு இல்ல. லேபிளைச் சுரண்டினதுக்கும், பாட்டில்ல இருந்த டிராப்பரைக் கழட்டி உங்க காலேஜ் டிராயர்ல வெச்சதுக்கும் இருக்கு.”

சிரிப்பு நின்றது. “எத்தனை வருஷம்தான் பீத்துணி அலசறது?” என்றார், யாரிடமோ சொல்வதுபோல். ஏட்டு விலங்கை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். தங்கை வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்போ என் மேல தப்பில்ல. இல்லையா மேடம்?” என்றாள்.

“இல்லம்மா. வீட்டுக்குப் போங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டே பழகிய வாய். “குடிக்கறப்போ அக்கா எதுவும் சொல்லலையா?”

“எதுவும் சொல்லல மேடம். அவளுக்குத்தான் பேச்சே வராதே.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே தங்கையின் கை எழுந்தது. உள்ளங்கை வெளிப்பக்கமாகத் திரும்பி, காற்றைத் தள்ளியது. மறுபடி தள்ளியது. மறுபடியும்.

அந்தக் கையையே அவள் பார்த்தாள்.

“கசப்புக்குத்தான் தள்ளுறான்னு நினைச்சேன். கையைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு மிச்சத்தையும் ஊத்தினேன் மேடம்.”