முன்னால் போன கார்

கேட்பதற்கு முன்பே டீ வந்துவிட்டது. கடைக்காரம்மா இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து, ஒன்றை அவள் பக்கமும் மற்றதை அவள் கணவன் பக்கமும் நகர்த்தி வைத்தாள். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். சர்க்கரை இல்லை.

"எனக்குச் சர்க்கரை வேணாம்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"காலையில நீங்கதானே சொன்னீங்க."

அந்தப் பழைய ஊருக்குள் அவர்கள் நுழைந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் போகக்கூடிய தெருக்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் கிழித்து ஒட்டியது போல ஒரு துண்டு கடல்.

அவள் எலும்பு முறிவு வார்டில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஊரே அவனை வாத்தியார் என்றது, அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். பதிலுக்கு அவன் அவளை சிஸ்டர் என்பான். இருவருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. இந்த முறை ஐந்து நாள் கிடைத்தது. கடலோரச் சாலையிலேயே போவது, இருட்டுகிற ஊரில் தங்குவது என்று கிளம்பிவிட்டார்கள். வண்டியை அவள்தான் ஓட்டினாள்.

"ஆயிரம் முகம் பாக்குற கடை. ஆளை மாத்திச் சொல்றாங்க," என்றான் அவன். "உன்னை மாதிரி இன்னொருத்தி இருந்தா, அவ புருஷனைப் பாத்து நான் ஆறுதல் சொல்லணும்."

அவளும் சிரித்தாள். அவன் காருக்குப் போனதும் கடைக்காரம்மா அவளிடம் குரலைத் தாழ்த்தினாள். "அவரு இப்ப நல்லாப் பேசுறாரே. காலையில வாயே திறக்கலையே."

அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஊரின் எல்லையில் பெட்ரோல் பங்க். அழுகிய கடல்பாசியின் நாற்றம் காற்றோடு வந்து போனது. பங்க்கில் இருந்தவனுக்கு வலது கையில் மூன்று விரல்களைச் சுற்றித் துணிக்கட்டு. பழக்க தோஷம், அவள் இறங்கி அந்தக் கையைப் பார்க்கத் தன் கையை நீட்டினாள். அவன் பின்வாங்கி பம்புக்குப் பின்னால் ஒளிந்தான்.

"அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல. இன்னொரு கையையாவது விட்டுடுங்க."

"யாரு செஞ்சா?" என்றான் கணவன்.

அவன் மோவாயால் அவளைக் காட்டினான். "கார்க் கதவைத் திறந்துவிடச் சொல்லி நீங்கதான் அண்ணே உள்ளேருந்து கெஞ்சுனீங்க. திறந்தேன். அதுக்குத்தான்."

துணிக்கட்டு நழுவியிருந்தது. மூன்று விரல்களும் நடுக் கணுவில் வெளிப்பக்கமாகத் திருகியிருந்தன. கோபத்தில் அடித்த அடியல்ல. எலும்பு எங்கே விட்டுக்கொடுக்கும் என்று தெரிந்த கை, ஒவ்வொன்றாக, நிதானமாகச் செய்த வேலை. 

"அது நாங்க இல்ல. எந்தப் பக்கம் போனாங்க?" என்றான் கணவன்.

"நேரா முன்னால. இதே வண்டி. இதே நம்பர்."

வண்டியைத் திருப்பினார்கள். வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள், அவன் தலையசைத்தான்.  அவன் கதவோரம் ஒட்டி உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்கில் இருந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உங்ககூடவேதானே இருந்தேன், வாத்தியாரே."

"தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "காலையில நான் குளிக்கப் போனேன்ல, ஒரு அரை மணி நேரம்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

நாலு மணிக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. இரண்டு பக்கமும் உப்பங்கழி, நடுவே கல் பாவிய ஒற்றைச் சாலை. முன்னால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. டயர் கல்லில் உரசும் சத்தமும், கரையில் தண்ணீர் மோதும் சத்தமும், இவை இரண்டுக்கும் அடியில் இன்னொரு இன்ஜினின் சத்தமும் கேட்டன. மூன்றாவது கியரில் அவர்கள் வண்டிக்கு ஒரு சின்ன இருமல் உண்டு. அந்த இருமல் பின்னாலிருந்து வந்தது.

"வேகமாப் போ," என்றான்.

இடித்தது.

அவள் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. கண்ணாடி நொறுங்கியது. வண்டி கரைக்கல்லில் முட்டி நின்றது. பெட்ரோல், சேறு, ரத்தம். பிறகு செருப்புச் சத்தம், இடது குதிகாலை லேசாகத் தேய்த்து, காலையில் அவள் வார்டைச் சுற்றி வருகிற அதே நிதானத்தில்.

வந்தது அவளேதான். இவள் போட்டிருந்த அதே நீலச் சட்டை. உள்ளே இருந்தவளை ஏறெடுத்தும் பார்க்காமல் கணவன் பக்கக் கதவைத் திறந்தாள். நோயாளியின் நாடி பிடிப்பது போல அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு விரலை முறித்தாள். அந்தச் சத்தத்தை அவள் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. வார்டுக்கு எல்லாரும் முறிந்த பிறகுதான் வருவார்கள்.

"சிஸ்டர்," என்று அலறினான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் இருந்தது. இறங்கிச் சுற்றி ஓடினாள். முதல் அடி தோளில். காறை எலும்பு போனது. அடுத்தது மணிக்கட்டு. வந்தவள் கத்தவில்லை. விழுந்தும் அவன் காலைத் தேடிக் கை நீட்டினாள். இவள் அவள் மார்பின் மேல் முழங்காலை ஊன்றி அடித்தாள். தாடை. கன்னம். எங்கே அடித்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அடித்தாள். முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாமல் போகும்வரை அடித்தாள்.

"முடிஞ்சுது, வாத்தியாரே."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை ரத்தம். கையில் ஸ்பேனர். நீலச் சட்டை.

"கிட்ட வராத."

"நான்தாங்க. நம்ம வண்டியிலேருந்து இறங்குனவ நான்தான்."

அவன் ஓடினான். உடைந்த விரலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பனியில் தெரிந்த அந்த இன்னொரு காரை நோக்கி. இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். பூட்டு விழும் சத்தம் கேட்டது.

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டாள். அடிபட்டவள் கிடந்த இடத்தைப் பார்த்தாள். ரத்தம். இரண்டு பற்கள்.

ஆள் இல்லை.

ஓடினாள். கண்ணாடியில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். அவன் அவளையே பார்த்தான். அவளை வெளியே வைத்துப் பூட்டிவிட்ட நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. பக்கத்து டிரைவர் சீட்டை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இன்ஜின் உயிர்பெற்றது.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டு தலைகீழாக மடிந்திருந்தது. அதன் விரல்கள் அவன் மார்பைத் தாண்டி மெதுவாக நீண்டு, சீட் பெல்ட்டை இழுத்து, அவனுக்குப் பூட்டிவிட்டன.