பத்து வரை எண்ணுங்கள்

பீரோவுக்குப் பின்னால் இல்லை. அரிசி டின்னுக்குள் இல்லை. தஸ்மியா கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினாள். அவளுடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருந்தன.

"உம்மா! நோட்டக் காணோம்!"

"எந்த நோட்டு?" அலிமா பீவி ஃபைலில் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி நோட்டு!"

ஃபைல் பொத்தென்று கீழே விழுந்தது.

மணி பத்தேகால். பதினொரு மணிக்குத் தலைமை ஆசிரியை முன்னால் போய் நிற்க வேண்டும். நோட்டு இல்லாமல் போனால் தொலைந்தது!

தம்பி ஜீஷானுக்குப் பத்து வயது. அவனுக்கு ஆட்டிசம். ஐந்தாம் வகுப்பு வரை தெருமுனையில் இருக்கும் சின்னப் பள்ளியில் படித்தான். அங்கே எல்லோருக்கும் அவனைத் தெரியும். இனி ஆறாம் வகுப்பு. தஸ்மியா படிக்கிற பெரிய பள்ளிக்கு வர வேண்டும்.

ஆனால் தலைமை ஆசிரியை நீலாம்பாள் டீச்சர் போன வாரமே கையை விரித்துவிட்டார்.

"சேத்துக்கிடணும்னு சட்டம் இருக்கு டீச்சர்" என்று உம்மா விடவில்லை.

"சட்டம் எனக்கும் தெரியும்மா. ஒரு வகுப்புல நாப்பது பிள்ளைய. இவன எப்படி நடத்தணும்னு எங்க டீச்சர்மாருக்குத் தெரியாதே! திருநெல்வேலியில சிறப்புப் பள்ளி இருக்கு. அங்கன சேத்துப் பாருங்களேன்."

பத்தமடையிலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸா? ஹாரன் சத்தம் கேட்டாலே ஜீஷான் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவானே!

தஸ்மியாவுக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே பாய்ந்தாள். "நான் எழுதித் தாரேன் டீச்சர்! அவன எப்படி நடத்தணும்னு எனக்கு எல்லாம் தெரியும்!"

டீச்சர் சிரிக்கவில்லை. "எழுதிட்டு வா. படிச்சிட்டுச் சொல்லுதேன்."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய நோட்டு அது. இப்போது நோட்டையும் காணோம், மேசை மேலிருந்த பச்சைப் பேனாவையும் காணோம்.

தஸ்மியா சட்டென்று நிமிர்ந்தாள். "உம்மா, ஜீஷான் எங்க?"

அவனையும் காணோம்!

வெளியே கல்யாண வீட்டு மைக்செட் தெருவையே அதிர வைத்துக்கொண்டிருந்தது. தஸ்மியா யோசித்தாள். இந்தச் சத்தத்தில் ஜீஷான் தெருவில் நிற்கவே மாட்டான். சத்தம் கேட்காத இடம் எது?

"உம்மா, நீங்க ஃபைலோட பள்ளிக்கூடத்துக்குப் போங்க. நான் அவனக் கூட்டிட்டு வந்துருதேன்!"

ஓடினாள். பாய் நெய்யும் கோரைப் புல்லைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கும் கொட்டகை வாசலில்தான் போய் நின்றாள். கூரை வரைக்கும் கோரை. அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் இடி இடித்தாலும் காதில் விழாது.

காவலுக்கு இருந்த அம்மையப்பன் அண்ணாச்சி கையை ஆட்டினார். "பைய வா, ஏளா! விழுந்துராத. ஒந்தம்பி உள்ளதான் இருக்கான். என்ன கேட்டாலும் பதிலே சொல்ல மாட்டேங்கான்."

"பத்து வர எண்ணுனியளா அண்ணாச்சி?"

"எதுக்கு?"

பதில் சொல்ல நேரமில்லை. கோரைக் கட்டுகளுக்குப் பின்னால் ஜீஷான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அவளுடைய நோட்டு. கையில் பச்சைப் பேனா. கடைசிப் பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தான்.

"அய்யோ! கிறுக்கிட்டியால?"

பிடுங்கக் கை நீட்டியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நோட்டில் நாலாவது விதி என்ன? 'செய்கிற வேலையைப் பாதியில் பிடுங்காதீர்கள்.' எழுதியவளே மீறினால் டீச்சர்மார் எப்படிக் கேட்பார்கள்?

"இன்னும் எவ்வளவு இருக்கு ஜீஷான்?"

ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். ஏழில் பதில் வந்தது.

"மூணு வரி."

மணி பத்து நாற்பது. தஸ்மியா கட்டை விரல் நகத்தைக் கடித்தாள். பிறகு ஆள்காட்டி விரல் நகம். மோதிர விரலுக்கு வந்தபோது ஜீஷான் பேனாவை மூடினான்.

"முடிஞ்சது, லாத்தா. அக்கான்னாலும் நீ பாக்கக் கூடாது. டீச்சர் மொதல்ல."

"சரி, ஓடு! மைக்செட் இல்லாத சந்து வழியா!"

பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இருவரும் மூச்சு வாங்கத் தலைமை ஆசிரியை அறைக்குள் நுழைந்தார்கள். தலை நிறையக் கோரைத் துரும்பு. உம்மா முறைத்தாள்.

நீலாம்பாள் டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'1. கேள்வி கேட்டால் பத்து வரை எண்ணுங்கள். பதில் வரும்.

2. மணி அடிக்கும் முன்னால் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

3. உங்கள் முகத்தைப் பார்க்காவிட்டாலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்...'

பக்கங்கள் புரண்டன. கடைசிப் பக்கத்தில் டீச்சரின் புருவம் உயர்ந்தது. தஸ்மியா எட்டிப் பார்த்தாள்; எழுத்து தெரியவில்லை. என்ன கிறுக்கி வைத்திருக்கிறானோ!

டீச்சர் நோட்டை மூடினார். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்த ஜீஷானிடம் திரும்பினார்.

"ஜீஷான், எங்க பள்ளிக்கூடத்துக்கு வாரியா?"

அவன் பார்வை மின்விசிறியை விட்டு இறங்கவில்லை. உம்மா பதறிப்போய் வாயைத் திறந்தாள். டீச்சர் கையை உயர்த்தித் தடுத்தார். அவருடைய விரல் மேசையை மெல்லத் தட்டியது. ஒன்று... இரண்டு... ஐந்து... எட்டு... ஒன்பது...

"எனக்கு எந்த பெஞ்சு?" என்றான் ஜீஷான், மின்விசிறியைப் பார்த்தபடியே.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "மணிக்குத் தூரமா, ஜன்னலோரம். அம்மா, விண்ணப்பத்த எடுங்க. இந்த நோட்ட எல்லா டீச்சர்மாருக்கும் நகல் எடுத்துக் குடுக்கேன். கடைசிப் பக்கத்தோட!"

"கடைசிப் பக்கத்தோடயா?" தஸ்மியா எகிறினாள். "அதுல அப்படி என்ன இருக்கு டீச்சர்?"

டீச்சர் நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பச்சை மையில் கோணல் எழுத்துகள்.

'லாத்தாவை நடத்துவது எப்படி.

1. லாத்தா நிறையப் பேசுவாள். பத்து வரை எண்ணுங்கள். நிற்காது.

2. கணக்குப் பரீட்சை என்றால் அழுவாள். முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

3. லாத்தாவும் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். அவளைப் பற்றி டீச்சருக்கு யாரும் எழுதித் தரவில்லை. அதனால் நான் எழுதினேன்.'