ஒரே பெட்டியில் இரண்டு

"ஒண்ணை ஒண்ணு கட்டிக்கிட்டு சுகமாத் தூங்குது, அதைப் போய்ப் பிரிக்கணும்னு..."

"கட்டிக்கல லோவெல், மேல ஏறிப் படுத்திருக்கு. சூடான இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அடியில நசுங்கிக் கிடக்கிறது என்னோடது."

"பாம்பைப் பத்தி எனக்கே பாடமா? பதினாறு வருஷம் இந்த வீட்ல..."

"பதினாறு வருஷமும் வளர்த்தவ மாரீன். நீ உறைஞ்ச எலியை வெந்நீர்ல போட்டு இளக்கிக் குடுத்த ஆளு, அவ்வளவுதான்."

லோவெல் சிரித்துவிட்டான். கோபத்தை அப்படித்தான் கரைப்பான் அவன். ட்ரூடி சிரிக்கவில்லை. அவள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, வளைந்த மரப்பட்டைக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தெரிந்தது ஒரே பாம்புதான். மாரீன் வளர்த்த டச்சஸ், பழுப்புப் பந்தாகச் சுருண்டிருந்தது. ட்ரூடியின் மஃபின் அதற்கடியில் இருக்கிறது என்பதற்கு ஒரு விரல் நீள வால் மட்டுமே சாட்சி.

விழுந்ததும் பனிக்கட்டியாக இறுகும் உறைமழை பெய்து மூன்று நாளாகிவிட்டது. கரண்ட் இல்லை. முதியோர் இல்லத்து வேலையில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, சாலை திறந்ததும் இன்று மதியம்தான் ட்ரூடி வீடு வந்து சேர்ந்தாள். வீட்டில் விறகடுப்பு இருந்த கூடம் மட்டும்தான் சூடு. வாசல்களில் போர்வைகளை ஆணியடித்து, படுக்கையறை மெத்தையை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தான் லோவெல். டச்சஸின் பெரிய பெட்டி முன்பிருந்தே கூடத்தில்தான். மாடியில் விறைத்துக் கிடந்த மஃபினையும் முதல் நாளே அதற்குள் விட்டிருக்கிறான். அவளைக் கேட்கவில்லை.

"தலையணை உறையில போட்டு உன் வயித்தோட வச்சிருந்தா போதுமே. கரண்ட் போனா பாம்பு வளர்க்கிறவங்க எல்லாரும் அதைத்தானே செய்வாங்க."

"ரெண்டும் ஒத்துப்போகும்னு மாரீன்தான் சொன்னா."

ட்ரூடி திரும்பிப் பார்த்தாள். லோவெலின் மனைவி மாரீன் இறந்து இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. ட்ரூடி மஃபினோடு இந்த வீட்டுக்கு வந்தது போன அக்டோபரில்.

"எப்ப சொன்னா?"

லோவெல் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டான். "விறகு தீரப்போகுது. தம்பி வீட்ல போய் ஏத்திக்கிட்டு வந்துடறேன். சூப்பைச் சுட வை."

வண்டி பனியை நொறுக்கிக்கொண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்புறம் அடுப்பில் விறகு வெடிப்பதும், வெளியே பனி சுமந்த கிளை எங்கோ முறிவதும், இரண்டுக்கும் நடுவே பெட்டிக்குள் பரப்பிய தேங்காய்நார்த் தூள் மீது எதுவோ மெல்ல இடம் மாறுவதும். மணி நாலரைதான். ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

டச்சஸை இரண்டு கையாலும் தூக்கினாள். கனத்தது. அடியில் மஃபின் பந்தாகச் சுருளக்கூட இல்லை. மடித்து வைத்த துணி மாதிரி தட்டையாகக் கிடந்தது.

வாரம் ஒரு தடவை இரண்டையும் எடை போட்டுப் பெட்டியில் ஒட்டிய அட்டையில் எழுதுவது அவள் வழக்கம். சமையலறைத் தராசை எடுத்து வந்து மஃபினை வைத்தாள். போன வாரத்தைவிட நூற்றுப் பத்து கிராம் குறைவு. மூன்றே நாளில் எந்தப் பாம்பும் இப்படி இளைக்காது. டச்சஸை வைத்தாள். செப்டம்பரிலிருந்து அது இரை எடுக்கவில்லை. இந்த ஜாதி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அதில் ஆச்சரியமில்லை. தராசு காட்டியதுதான் ஆச்சரியம். நூற்றுப் பத்து கிராம் கூடியிருந்தது.

பாட்டரி தீர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு பாக்கெட் சர்க்கரையை வைத்துப் பார்த்தாள். சரியாகக் காட்டியது.

அப்போது தன் பெல்ட் ஞாபகம் வந்தது. அக்டோபருக்குப் பிறகு ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருந்தாள். "என்ன ட்ரூடி, எங்களுக்கும் அந்த டயட்டைச் சொல்லேன்" என்று வேலையிடத்தில் கேலி செய்தார்கள். அவள் எதையும் குறைத்துச் சாப்பிடவில்லை. தூக்கம்தான் சரியில்லை. விடியற்காலைகளில் மார்பின்மேல் ஏதோ அழுத்தும். லோவெலின் கை என்று நினைத்துத் தள்ளப் பார்ப்பாள். லோவெல் அந்தப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

மஃபினைத் தலையணை உறையில் இட்டு, வாயை முடிந்து, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். லோவெல் வந்ததும் கிளம்பிவிட வேண்டும். அக்கா வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு பத்து நிமிடம், இது சூடாகட்டும். மெத்தையில் அடுப்பைப் பார்த்துப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். உடல் வெதுவெதுப்பாகி, உறைக்குள் மஃபின் முதல் தடவையாக அசைந்து அவள் தொப்புளுக்குப் பக்கத்தில் தலையைப் பதித்தபோது, அழுகை வருகிற மாதிரி இருந்தது.

ஈரத் தேங்காய்நாரின் வாசனை. டச்சஸை உள்ளே விட்டுப் பெட்டியை மூடிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கால்மாட்டில் மெத்தை அமுங்கியது.

லோவெல் அல்ல. வண்டிச் சத்தம் வரவில்லை. முதலில் கணுக்காலில் பாரம். பிறகு முழங்காலில். அவசரமில்லை. கோபமும் இல்லை. சூடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதை நோக்கி அங்குலம் அங்குலமாக ஏறி வருகிற பாரம். குளிர்ந்த இடுப்பு. குளிர்ந்த வயிறு. உறைக்குள் மஃபின் அசைவதை நிறுத்தியது.

கத்த வாய் திறந்தாள். நெஞ்சில் கனம். காற்று வெளியே போனது. உள்ளே வரவில்லை.

முகத்தின்மேல் முடி. இன்னொருத்தியின் முடி.

அவளுக்கு மேலே யாரோ திருப்தியாக மூச்சு விட்டார்கள். அவள் விட வேண்டிய மூச்சு.

தன் கை எங்கே என்று தேடினாள். காணவில்லை. மெத்தை எங்கே முடிகிறது, தன் முதுகு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காது மட்டும் கேட்டது.

வண்டி. கதவு. படியில் பூட்ஸைத் தட்டும் சத்தம்.

போர்வைத் திரை விலகியது. டார்ச் வெளிச்சம் மெத்தைமேல் ஊர்ந்து வந்து அவள் கண்ணுக்கு நேரே நின்றது. முடியின் இடுக்குகள் வழியே அவள் அவனைப் பார்த்தாள். லோவெல். அவளால் முடிந்ததெல்லாம் திரட்டி ஒரு விரலை அசைத்தாள். அசைந்ததா என்று தெரியவில்லை.

அவன் திடுக்கிடவில்லை. விறகை இறக்கி வைத்தான். தொப்பியைக் கழற்றிப் பனியை உதறினான். தினமும் கேட்கிற குரலில்தான் கேட்டான்.

"மாரீன், ட்ரூடி எங்க?"